பேய் காமிக்ஸும் ஒரு டாக்டரின் சாட்சியமும்

1/
“பேய்க்கதை, சூனியக் கதையெல்லாம் படிச்சா பிள்ளைங்க புத்தி கெட்டுப்போகுமா டாக்டர்?”

ஓ.பி.யில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி. எழுபது வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வி அமெரிக்காவில் செனட் விசாரணை வரைக்கும் போனது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் சட்டமே வந்தது. அதில் முக்கியமான சாட்சி யார் தெரியுமா? ஒரு டாக்டர். கொஞ்சம் நீளமான இழைதான், பொறுமையா படிங்க.

2/
ஏற்காட்டுப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஒண்டிக்கடையைத் தாண்டி எஸ்டேட் ரோட்டில் நடந்தால், பனி மூடினதும் ஒவ்வொரு வளைவுக்கும் யாராவது ஒரு பேய்க்கதை சொல்வாங்க. எந்தப் புத்தகத்தையும் படிச்சுட்டு அவங்க அதைச் சொல்றதில்லை. இதை ஞாபகத்தில் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

3/
முதலில் நம்ம வீட்டுக் கதை. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவை மறக்க முடியுமா? சுடுகாடு, கையில் வாள், தோளில் பிணம், அதற்குள் வேதாளம். அந்த விக்கிரமாதித்தன் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர் (கே.சி. சிவசங்கரன்). 1924-ல் பிறந்து 2020-ல் மறைந்தார். நம்ம அம்மா, அப்பா தலைமுறை பார்த்த முதல் ‘ஹாரர்’ படம் அநேகமாக அதுதான்.

4/
அந்தக் கதை எப்படி ஆரம்பிக்குதுன்னு பலருக்கு மறந்திருக்கும். ஒரு சந்நியாசி தினமும் ராஜாவுக்கு ஒரு பழம் கொடுக்கிறான். பழத்துக்குள் ரத்தினம். கடைசியில் கேட்பது என்ன? “மந்திர சித்திக்கு ஒரு பிணம் வேணும், மரத்தில் தொங்குறதை எடுத்துட்டு வா.” 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இது இருக்கு.

5/
முடிவு? ராஜாவையே பலி கொடுக்கத்தான் சந்நியாசி திட்டம் போட்டிருக்கிறான். அதை வேதாளமே ராஜாவிடம் சொல்லிவிடுகிறது. “எப்படி விழுந்து கும்பிடணும், காட்டு” என்று ராஜா கேட்க, குனிந்த சந்நியாசியின் தலை போகிறது. மாந்திரீகத்தில் கை வைத்தவன் காலி. படிக்கும் பிள்ளைக்கு ஆசை வருமா, பயம் வருமா? நீங்களே சொல்லுங்க.

6/
இப்ப அமெரிக்கா. 1950-ல் ஈ.சி. காமிக்ஸ் என்ற கம்பெனி ‘டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்’ மாதிரி பேய் இதழ்களைக் கொண்டுவந்தது. கதை சொல்ல ஒரு சூனியக்காரக் கிழவி வேற. நம்ம லயன் காமிக்ஸ் வாசகர்களுக்குக் ‘கறுப்புக் கிழவி’ ஞாபகம் வரும். செத்தவனை எழுப்பப் பார்த்தவனும், தாயத்தை வைத்துப் பணம் பண்ண நினைத்தவனும் கடைசிப் பக்கத்தில் மாட்டுவான். நம்ம சந்நியாசிக்கு நடந்த அதே கதிதான்.

7/
இங்கதான் டாக்டர் வர்றார். ஃப்ரெட்ரிக் வெர்தம், நியூயார்க்கின் பிரபல மனநல மருத்துவர். 1954-ல் ‘செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். “என்கிட்ட வர்ற குற்றம் செய்த சிறுவர்கள் எல்லாம் காமிக்ஸ் படிக்கிறாங்க. காமிக்ஸ்தான் அவங்களைக் கெடுக்குது” என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

8/
அதே ஆண்டு ஏப்ரலில் செனட் துணைக்குழு விசாரணை. வெர்தம் சாட்சி சொன்னார். அதே நாளில் ஈ.சி. முதலாளி வில்லியம் கெய்ன்ஸும் வந்தார். வெட்டிய தலையை ஒருவன் கையில் பிடித்திருக்கும் அட்டையைக் காட்டி, “இது நாகரிகமா?” என்று கேட்டார்கள். “ஹாரர் காமிக்ஸுக்கு இது நாகரிகம்தான்” என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். ஊரே கொந்தளித்தது.

9/
பயந்துபோன பதிப்பாளர்கள் அந்த வருஷமே தங்களுக்குத் தாங்களே ‘காமிக்ஸ் கோட்’ என்று ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொல் கூடாது. நடமாடும் பிணம், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எதுவும் கூடாது. ஈ.சி.யின் பேய் இதழ்கள் மூடப்பட்டன. 1971-ல்தான் ரத்தக்காட்டேரிக்கு மறுபடி அனுமதி கிடைத்தது.

10/
அதே 1954, செப்டம்பர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். இரும்புப் பல் வைத்த ஏழடி ரத்தக்காட்டேரி இரண்டு பையன்களைக் கொன்றுவிட்டது என்று ஒரு வதந்தி. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கத்தி, கம்போடு ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் பேய் வேட்டைக்குப் போய்விட்டார்கள். போலீஸ் வந்தது. விசாரித்தால், எந்தப் பையனும் காணாமல் போகவே இல்லை.

11/
பழி யார்மேல்? அமெரிக்க காமிக்ஸ்மேல். ஆனால் இரும்புப் பல் கிழவி ஒருத்தி அந்த ஊர்ப் பழைய பாட்டிலேயே இருந்தாள்! ஒண்டிக்கடை தாண்டின வளைவு ஞாபகம் இருக்கா? அதேதான். பேய் புத்தகத்திலிருந்துதான் ஊருக்கு வரணும்னு இல்லை. ஊரிலிருந்தும் புத்தகத்துக்குப் போகும்.

12/
இருந்தும் 1955-ல் பிரிட்டனில் பேய் காமிக்ஸுக்கு எதிராகச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம், 1956-ல், கிட்டத்தட்ட அதே மாதிரி இந்தியாவிலும். ‘இளையோர் (தீங்கான வெளியீடுகள்) சட்டம்’. குற்றம், கொடூரம், அருவருப்பான அல்லது பயங்கரமான சம்பவங்களைக் காட்டி, மொத்தமாகப் பார்த்தால் இளையவரைக் கெடுக்கக்கூடிய வெளியீட்டை விற்றால் ஆறு மாதம் வரை சிறை. சுடுகாட்டுப் பிணத்தோடு அம்புலிமாமா பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் யார் மாந்திரீகவாதி ஆனார்கள்?

13/
சரி, வெர்தம் வாதத்தில் எங்கே ஓட்டை? இது எல்லாருக்கும் பயன்படும். அன்றைக்கு அமெரிக்காவில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் காமிக்ஸ் படித்தார்கள். “குற்றம் செய்தவன் எல்லாம் காமிக்ஸ் படிச்சான்” என்பது, “சிறையில் இருக்கிறவன் எல்லாம் சோறு சாப்பிட்டவன்” என்பது மாதிரி. குற்றம் செய்யாத பிள்ளைகள் எவ்வளவு படித்தார்கள் என்று பார்க்கணும். ஒப்பீட்டுக் குழு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அவரிடம் அது இல்லை.

14/
இதைவிடப் பெரிய விஷயம் பின்னாடி வந்தது. வெர்தமின் குறிப்பேடுகள் 2010-ல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. கரோல் டில்லி என்ற பேராசிரியர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார். 2012-ல் அவர் வெளியிட்ட முடிவு: சில பிள்ளைகளின் வயது மாற்றப்பட்டிருக்கு. பல பேர் சொன்னது ஒருவர் சொன்னதாக, ஒருவர் சொன்னது பல பேர் சொன்னதாக ஆகியிருக்கு. வீட்டில் நடந்த வன்முறை மாதிரி காரணங்கள் விடுபட்டிருக்கு.

15/
உடனே வெர்தமை வில்லன் ஆக்கிடாதீங்க. 1946-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களுக்காக 25 சென்ட் கட்டணத்தில் மனநல கிளினிக் நடத்தினவர் அவர். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த வழக்குகளிலும் அவர் ஆய்வு உதவியது. நல்ல மனுஷன், நல்ல நோக்கம். ஆனால் நல்ல நோக்கம் இருந்தால் ஆதாரத்தை வளைத்துக்கலாம்னு ஆகிடாது. டாக்டர் சொன்னா ஊர் நம்பும். அதனாலேயே டாக்டர் இரண்டு மடங்கு ஜாக்கிரதையா பேசணும்.

16/
இதில் உண்மையான நஷ்டம் என்ன தெரியுமா? காமிக்ஸ்மேல் பழி போட்டதும் தேடல் நின்றுபோச்சு. வீட்டில் அடி வாங்கின பிள்ளைக்குப் புத்தகத்தைப் பிடுங்குவதா வைத்தியம்? இன்றைக்கும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிட்டுத்தான் இருக்கு. காமிக்ஸ் போய் சினிமா, டி.வி., இப்ப செல்போன்.

17/
“பேய்ப் படம் பார்த்தான், அதிலிருந்து இப்படி இருக்கான்” என்று கூட்டிட்டு வருவாங்க. கேட்டால் வலிப்பாக இருக்கும். மன அழுத்தமாக இருக்கும். நாம ‘அமுக்குவான் பேய்’ என்று சொல்லும் தூக்க முடக்கமாக இருக்கும். திடீரென்று உளறல், வெறி, கைகால் முறுக்கல் என்று பேய் பிடித்த மாதிரியே தெரியும் ஒரு மூளை அழற்சி நோயை 2007-ல்தான் மருத்துவ உலகம் தெளிவாக அடையாளம் கண்டது. சீக்கிரம் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலானவர்கள் நல்லா தேறி வருவாங்க.

18/
2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அவங்க யாரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது காமிக்ஸ் இல்லை. நோயைப் பேய் என்று நினைத்ததும், பக்கத்தில் சிகிச்சை கிடைக்காததும்தான்.

19/
அதனால் என் பதில் இதுதான். ரொம்பச் சின்னப் பிள்ளை பயந்து தூங்கலைன்னா, கொஞ்ச நாள் அந்தப் புத்தகத்தை, படத்தைத் தள்ளி வையுங்க. அது பொது அறிவு. ஆனால் படிப்பு, தூக்கம், சாப்பாடு, பேச்சு திடீர்னு மாறினால் செல்போனைத் திட்டுவதோட நிறுத்தாதீங்க. வீட்டிலும் பள்ளியிலும் என்ன நடக்குதுன்னு கேளுங்க. மந்திரிக்கணும்னா மந்திரிச்சுக்கங்க, நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனா அதே நாள் ஆஸ்பத்திரிக்கும் வாங்க. மனநல ஆலோசனைக்கு 14416, இலவசம்.

20/
வீட்டில் பழைய அம்புலிமாமாவோ, லயன், முத்து காமிக்ஸோ இருந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க. பிள்ளைங்க பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிங்க. பயமா இருந்தா உங்க கையைப் பிடிச்சுக்குவாங்க. அது நல்லதுதானே?