துவக்கும் அதன் உறுப்புக்களும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பிய கோட்டை, பத்தாண்டு கழிந்து 1638இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்க்குத் துணை நின்றவன் கண்டி வேந்தன் இரண்டாம் இராசசிங்கன். ஐரோப்பியர் கொணர்ந்த துவக்கும் இந்நாட்டுக் கொல்லர் சமைத்த துவக்கும் ஒரே கரையில் விளங்கிய காலம் அது. ஒன்றன் உறுப்புப் பழுதுற்றால் மற்றொன்றின் உறுப்பைக் கழற்றிப் பொருத்துதல் இயன்றிருக்குமா?

இயன்றிராது என்பதே எம் கருத்து. இலங்கைக் கொல்லர் ஆக்கிய துவக்குக் குழலின் அழகை ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன் தம் 1596ஆம் ஆண்டு நூலிலேயே வியந்து போற்றியுள்ளார். ஆயின் எஞ்சியுள்ள சிங்களத் துவக்குகள் பெரும்பாலானவற்றில் விசைப்பொறி இடப்புறத்தே அமைந்துள்ளது; ஐரோப்பியர் அதனை வலப்புறத்தே வைத்தனர். அன்றியும், ஐரோப்பியத் துவக்குகளே தம்முள் ஒவ்வாதவை. ஒவ்வோர் ஆணியும் தன் துளைக்கென்றே அரத்தால் இழைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிழக்கிலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் 21 இறாத்தல் எடையுள்ள துவக்கும், பிறிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பார் அவர்க்கெனத் தனியே செய்தளித்ததே. காட்டிடையே அதன் பொறி முறிந்தால் மாற்றுப்பொறிக்கு எங்கே போவது!

இக்குறையை நீக்க முயன்றோருள் பிரெஞ்சுக்காரரான பிளான்க் முன்னிற்பவர். அவர் பட்டறையில் குவிந்து கிடந்த உறுப்புக்களைக் கைக்கு வந்தவாறு எடுத்துப் பல பொறிகளைத் தாமே பூட்டிப் பார்த்ததாக ஜெபர்சன் 1785இல் எழுதினார். பின்னர் ஆங்கில அரசு அமெரிக்க இயந்திரங்களை வாங்கி என்பீல்டில் நிறுவிற்று. அங்கு ஆக்கிய 1853ஆம் ஆண்டு மாதிரித் துவக்குகள் உறுப்பு மாற்றத்துக்கு இசைந்தன. பேர்மிங்காம் கம்மியர் அதே மாதிரியில் கையால் செய்தவையோ இசையவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வேறுபாடு அளவுகோலில் இருந்தது.

நெம்புகோலால் இயங்கும் வின்செஸ்டர் துவக்குகளும் இவ்வுண்மைக்குச் சான்றாகும். 1873ஆம் ஆண்டு மாதிரியும் பிறவுனிங் வகுத்த 1892ஆம் ஆண்டு மாதிரியும் .44–40 என்னும் ஒரே தோட்டாவை ஏற்பன. எனினும் முன்னதனைப் பூட்டுவது மடங்கும் இணைப்பு. பின்னதனைப் பூட்டுவன நிமிர்ந்தெழும் இரு தாழ்கள். பிற்காலத்தில் பிரேசில் நாட்டார் 1892 மாதிரியைப் பின்பற்றி ஆக்கியவற்றிலும் சில உறுப்புக்கள், அரம் தொடாமல், மூலத்தோடு பொருந்துவதில்லை.

ஒல்லாந்தர் 1765இல் கண்டியிற் கொள்ளையிட்ட பொருள்களுள் ஆறினை நெதர்லாந்து அரசு 2023இல் திருப்பியளித்தது. அவற்றுள் பெருந்துவக்குகள் இரண்டு உள. அவற்றின் ஆணியொன்று கழன்று தொலையுமாயின் அதற்கு மாற்று எத்தொழிற்சாலையிலும் இல்லை. துளையை அளந்து, இரும்பைக் காய்ச்சி, அரத்தால் இழைக்கவல்ல ஒரு கொல்லனைத்தான் தேடவேண்டும்.