நனைத்தெடுத்த முத்திரைகளும் நனையாத ஒரு கடிதவுறையும்

வாப்பா மௌத்தாகி நாற்பது கழிந்த பின், அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் தகரத்தை உம்மா என் கையில் தந்தார். "இது உன்னுடைய சாமான்தானே" என்றார். உள்ளே நான் சிறுவனாக இருந்தபோது சேர்த்த முத்திரைகள் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் ஒட்டப்பட்டிருந்தன. அடியில் மடித்து வைத்த ஒரு கடிதவுறையும் இருந்தது. அதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

முத்திரைகளின் பெறுமதி அறியும் ஆசை யாருக்கும் வரும். எனக்கும் வந்தது. பாடசாலை விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். படித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் வெளிவந்தது. விக்டோரியா மகாராணியின் தலையுடன் கபில நிறத்தில் அமைந்த ஆறு பென்ஸ் முத்திரை அது. இலண்டனில் பேர்கின்ஸ் பேக்கன் கம்பனியார் அச்சிட்டனர். ஓரத்தில் துளைப்பல் கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டியே பிரிக்க வேண்டும். அதனால் நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் எஞ்சிய பிரதிக்கே மதிப்பு. 1859 இல் வந்த நான்கு பென்ஸ் மங்கல் ரோஜா நிற முத்திரையே இலங்கை முத்திரைகளில் விலை கூடியது. அதன் படம் எண்கோண வடிவானது. அக்காலச் சேகரிப்பாளர் பலர் அழகு கருதி மூலைகளை வெட்டிவிட்டனர். அப்படி வெட்டியதால் பெரும்பகுதி மதிப்பும் போய்விட்டது.

1872 இல் பென்ஸ் போய்ச் சதம் வந்தது. ஆகவே பென்ஸ் என்றிருந்தால் அதற்கு முற்பட்டது. அடுத்துப் பார்க்க வேண்டியது நீரடையாளம். முத்திரையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். முதலில் நட்சத்திரம், பிறகு கிரீடமும் ஆங்கில எழுத்துகளும். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் எழுத்துகள் சாய்வாக, கையெழுத்துப் பாணியில் இருந்தால் அது 1921 இல் தொடங்கிய வகை. 1918 இல் யுத்த வரிக்காக மேலச்சிட்டவையும் உண்டு. பேனாவால் கீறி ரத்துச் செய்தவை பெரும்பாலும் பற்றுச்சீட்டிலும் உறுதியிலும் ஒட்டியவை. அவற்றுக்குத் தபாலில் போனவற்றின் விலை கிடைக்காது.

விலைப் புத்தகங்களில் காணும் தொகை, குறையற்ற பிரதியைக் கடைக்காரர் விற்கும் விலை. நம்மிடம் வாங்கும்போது அதில் சிறு பங்கே தருவர். என் கொப்பியில் இருந்தவை 1935, 1936 ஆம் ஆண்டுகளின் பட முத்திரைகள்: இறப்பர் பால் வெட்டும் இரண்டு சதம், கொழுந்து பறிக்கும் ஒன்பது சதம் என்று ஊரெல்லாம் கிடைத்தவை. பசையிட்டு ஒட்டியதால் அந்தச் சிறு விலையும் இல்லை.

ஆனால் முத்திரைக்குள்ள விலை வேறு, உறைக்குள்ள விலை வேறு என்பதற்கு நமது ஊவாவிலேயே உதாரணம் உண்டு. தென்னாபிரிக்க யுத்தத்தில் பிரித்தானியர் பிடித்த போயர் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேர் 1900 முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கான பெரிய முகாம் தியத்தலாவையில் இருந்தது. அங்கிருந்து அவர்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கையாளர் படித்து முத்திரை குத்தி அனுப்பினர். ஒட்டியிருந்த முத்திரைகள் சாதாரணமானவை. இன்று உலகெங்கும் சேகரிப்பாளர் தேடுவது தணிக்கைக் குறியோடு முழுமையாக உள்ள உறையைத்தான். நனைத்து முத்திரையைப் பிரித்தெடுத்தால் சில்லறைக் காசுகூட வராது.

நான் செய்தது அதைத்தான். பத்து வயதில், அப்பாவின் பெட்டகத்திலிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட உறைகளை எனாமல் பேசினில் ஊறவைத்து, முத்திரைகளை உரித்துவிட்டு, கடதாசியை அடுப்பில் போட்டேன். வாப்பா வந்து பார்த்தார். அடிக்கவில்லை. "அப்பா ஒரு நாளைக்குத் தேவைப்படும் என்று வைத்திருந்த காகிதம்" என்று மட்டும் சொன்னார். ஏன் தேவைப்படும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது விளங்குகிறது. அப்பா காயல்பட்டினத்திலிருந்து வந்து, பசறைப் பாதையில் தோட்டத்து மக்களுக்குச் சாமான் விற்றுப் பிழைத்தவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்றோரையும் லயத்து மக்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பவர், 1946 ஜனவரி 1 க்கு முன் தொடர்ந்து பத்து ஆண்டுகள், மணமானவராயின் ஏழு ஆண்டுகள், இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாதவர் எதைக் காட்டுவார்? பெயரும் ஊரும் திகதியும் உள்ள ஒரு பழைய உறை, அவர் அங்கே இருந்தார் என்று சொல்லுமல்லவா? அப்பாவுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அதன் பின்னும் அவர் உறைகளை எறியவில்லை. பயம் போகவில்லை போலும்.

தோட்டத்து மக்களுக்கு அந்த வசதியும் குறைவு. தபால் பை துரையின் கந்தோருக்குப் போகும். அங்கிருந்து கணக்கப்பிள்ளை வழியாகக் கடிதம் கைக்கு வரும். லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று இரு அரசுகளும் எண்ணிப் பிரித்தன. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 வரை சட்டம் தேவைப்பட்டது.

தகரத்தின் அடியிலிருந்த உறை, என் கண்ணில் படாமல் வாப்பா ஒளித்து வைத்ததாக இருக்க வேண்டும். ஜோர்ஜ் மன்னரின் இந்திய முத்திரை ஒட்டியது. பின்புறம் பதுளைத் தபாலகத்தின் திகதி முத்திரை. மார்ச் மாதம் தெளிவு. ஆண்டில் கடைசி இலக்கம் கலைந்துவிட்டது. உள்ளே அரபுத்தமிழில் அப்பாவின் உம்மா எழுதிய கடிதம். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் முடிந்தது. ஊர் ஆலிம் ஒருவர் வாசித்துத் தந்தார். தலைப்பில் ரமழான், ஹிஜ்ரி 1345 என்றிருந்தது. அந்த ரமழான் 1927 மார்ச்சில் வந்தது. கலைந்த இலக்கம் ஏழு! தபாலகம் விட்ட குறையை உம்மாவின் ஹிஜ்ரித் திகதி நிரப்பியது. 1924 இல் பதுளைக்கு வந்த ரயிலில் ஏறித்தான் அந்தக் கடிதம் வந்திருக்கும். அப்பா முப்பதுகளில் வந்தவர் என்றே எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கடிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. நோன்பு பிடிக்கிறாயா, மலைக்குளிர் ஒத்துக்கொண்டதா, பெருநாளைக்கு வருவாயா என்று மூன்று கேள்விகள்.

நகரத்து வியாபாரி ஒருவர் கொப்பியையும் உறையையும் புரட்டிப் பார்த்தார். "முத்திரையைக் கழற்றித் தாருங்கள், ஐந்நூறு ரூபா தருகிறேன். அரபுக் காகிதம் எனக்கு வேண்டாம்" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஊவா முஸ்லிம்களின் வரலாறு எழுதப்படவில்லை என்று நம் கூட்டங்களில் அடிக்கடி குறைப்படுகிறோம். அதில் ஒரு பகுதி தகரங்களிலும் பெட்டகங்களிலும் கிடக்கிறது. வீட்டில் பழைய உறை இருந்தால் தண்ணீரில் போடாதீர்கள், பசையிட்டு ஒட்டாதீர்கள். கடிதத்தை உறையோடு சேர்த்தே வையுங்கள். இரு பக்கமும் படமெடுங்கள். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே அவரிடம் கொண்டுபோங்கள்.

அந்த நாற்பது உறைகளில் என்ன கேள்விகள் இருந்தனவோ, எனக்குத் தெரியாது. அவற்றின் முத்திரைகள் மட்டும் கொப்பியில் இருக்கின்றன.