ஒரு கணக்கு, இரண்டு கணினி



என் சிறுவயதில் ஊர் நிலக்கணக்கு முழுவதும் கர்ணம் வீட்டில்தான் இருக்கும். பரம்பரைப் பதவி. அடங்கல் பார்க்க அவர் திண்ணையில் காத்திருக்க வேண்டும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவியை ஒழித்தது. 1986-இல் பெங்களூரில், தந்தையின் தொழிலுக்காக பாரத் கோயங்கா கணக்கு மென்பொருள் எழுதினார். அதுவே பிறகு டேலி ஆனது.

என் மகனின் உரக்கடைக் கணக்கும் டேலியில்தான். மகனும் மருமகளும் பென்டிரைவில் மாற்றி மாற்றி எழுதியதில் ஒரே கடைக்கு இரண்டு கணக்காகிவிட்டது. பணம் கட்டிய விவசாயியிடமே மறுபடியும் கேட்டுவிட்டோம். கூனிக் குறுகிப்போனேன்.

இப்போது பலர் சேர்ந்து பயன்படுத்தும் உரிமம் வாங்கிவிட்டோம். கோப்பு ஒரே கணினியில் இருக்கிறது. வைஃபை வழியே மற்றொன்றும் அதையே திறக்கிறது. தினமும் நகல் எடுக்கிறோம், ஆனால் அதில் எழுதுவதில்லை.

கணக்கு ஓரிடத்தில் இருக்கலாம் பிள்ளைகளே. ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது.