வேலி தாண்டிய ஓட்டு: மிசிசிப்பி சொல்லும் சரித்திரம்

நம் நாட்டில் ஒரு தொகுதிக்கு யார் வேட்பாளர் என்பதைக் கட்சி மேலிடம்தான் முடிவு செய்கிறது. டிக்கெட் கிடைத்தவர் மாலையோடு ஊர் திரும்புவார். கிடைக்காதவர் சுயேச்சையாக நிற்பார், இல்லாவிட்டால் கட்சி மாறுவார். 2014 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸ் கட்சி ஒரு சில தொகுதிகளில் மட்டும் வேட்பாளருக்காக உள்கட்சி வாக்கெடுப்பு வைத்துப் பார்த்தது. அதிலும் ஓட்டுப் போட்டவர்கள் கட்சிப் பொறுப்பாளர்கள்தான்.

அமெரிக்காவில் கதையே வேறு. பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பே, ஒவ்வொரு கட்சிக்கும் யார் வேட்பாளர் என்று தீர்மானிக்க இன்னொரு தேர்தல் நடக்கிறது. அவர்கள் அதை பிரைமரி என்கிறார்கள். முதனிலைத் தேர்தல் என்று நாம் சொல்லலாம். சாதாரண வாக்காளர்களே போய் வரிசையில் நின்று கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதற்கு வழிகாட்டிய மாநிலங்களில் முக்கியமானது விஸ்கான்சின். ரயில்வே கம்பெனிகளும் கட்சி முதலாளிகளும் மூடிய அறைக்குள் வேட்பாளரை முடிவு செய்வதை உடைக்க வேண்டும் என்று அங்கே கவர்னராக இருந்த ராபர்ட் லா ஃபோலெட் பிடிவாதமாக நின்றார். 1903ல் சட்டம் நிறைவேறி, 1904ல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்று, 1906ல் நடைமுறைக்கு வந்தது. அங்கே வாக்காளர் தன் கட்சியைப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. எந்தக் கட்சியின் முதனிலைத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம்.

கதவு திறந்திருந்தால் அடுத்த வீட்டுக்காரரும் வரலாம் அல்லவா? வேட்பாளர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1976ல் டெக்சஸ் மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன், பதவியிலிருந்த ஜனாதிபதி ஃபோர்டை எதிர்த்து நின்றபோது, ஜனநாயகக் கட்சியில் ஜார்ஜ் வாலஸின் ஆதரவாளர்களாக இருந்தவர்களை வெளிப்படையாகவே அழைத்தார். அவர்கள் வந்தார்கள். ஃபோர்டு அங்கே படுதோல்வி அடைந்தார். 2000ல் மிச்சிகனில் ஜான் மெக்கெய்ன், கட்சிக்காரர்களிடம் புஷ்ஷுக்கே செல்வாக்கு அதிகம் என்று தெரிந்து, சுயேச்சைகளையும் ஜனநாயகக் கட்சியினரையும் கூப்பிட்டு ஜெயித்தார். ஆனால் கட்சிக்காரர்கள் மட்டும் ஓட்டுப் போட்ட மாநிலங்களில் அந்த வித்தை பலிக்கவில்லை. மார்ச் மாதமே போட்டியிலிருந்து விலகினார்.

"எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்க ஊரார் யார்?" என்பது கட்சித் தலைவர்களின் கோபம். அதில் நியாயம் இல்லாமலில்லை. எதிரணி வேண்டுமென்றே பலவீனமான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனால்? கலிஃபோர்னியாவில் எல்லாரும் எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடலாம் என்று 1996ல் மக்கள் கொண்டுவந்த முறையை, 2000 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. யாரோடு சேர்வது, யாரோடு சேராதிருப்பது என்பது கட்சியின் உரிமை என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆனால் "கட்சி எங்கள் சொந்த வீடு" என்ற இந்த வாதத்துக்கு ஒரு கசப்பான பழைய சரித்திரம் உண்டு. அதற்கு மிசிசிப்பிக்குப் போக வேண்டும்.

தென் மாநிலங்களில் அக்காலத்தில் ஜனநாயகக் கட்சி ஒன்றுதான் கட்சி. அதன் முதனிலைத் தேர்தலில் ஜெயித்தால் பதவி கிடைத்த மாதிரியே. மிசிசிப்பியில் 1902ல் முதனிலைத் தேர்தல் சட்டம் வந்தது. கட்சியோ வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்றது. விஸ்கான்சினில் சாமானியனுக்குக் கதவைத் திறந்த அதே ஏற்பாடு இங்கே கறுப்பினத்தவர் முகத்தில் கதவைச் சாத்தியது. கட்சி என்பது தனியார் சங்கம், அதற்கு இஷ்டப்பட்டவரைச் சேர்க்கலாம் என்று சொல்லி 1935ல் உச்ச நீதிமன்றமே இதை அனுமதித்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த லோனி ஸ்மித் என்ற பல் மருத்துவர் தொடுத்த வழக்கில்தான், 1944ல், முதனிலைத் தேர்தலும் தேர்தலின் ஒரு பகுதியே, அங்கே நிறம் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வந்தால் போதுமா? மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத் தொழிலாளியான ஃபேனி லூ ஹேமர் 1962ல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார். போன குற்றத்துக்கு அவர் வேலையும் போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. 1965ல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன் அந்த மாநிலத்தில் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் 6.7 சதவீதம் பேரே பதிவு பெற்றிருந்தனர். இரண்டே ஆண்டுகளில் அது 59.8 சதவீதமாயிற்று.

அதற்குள் காற்று திசை மாறத் தொடங்கியிருந்தது. வெள்ளையர்கள் மெள்ள மெள்ளக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். 1978ல் தாட் காக்ரன் அக்கட்சியின் சார்பில் மிசிசிப்பி செனட்டரானார். அதிலும் ஒரு வேடிக்கை: கறுப்பினத் தலைவர் சார்லஸ் எவர்ஸ் சுயேச்சையாக நின்று ஓட்டைப் பிரித்ததால், பாதிக்கும் குறைவான ஓட்டிலேயே காக்ரன் ஜெயித்தார். 1982க்குப் பிறகு அங்கே செனட் தேர்தல் ஒன்றிலும் ஜனநாயகக் கட்சி ஜெயிக்கவில்லை. ஆக, பழைய கதைதான், கட்சியின் பெயர் மட்டும் வேறு. குடியரசுக் கட்சியின் டிக்கெட் யாருக்கோ, பதவியும் அநேகமாக அவருக்கே.

2014ல் காக்ரனுக்கு வயது 76. "டீ பார்ட்டி" என்ற தீவிர அணியின் ஆதரவோடு கிறிஸ் மெக்டேனியல் எதிர்த்து நின்றார். ஜூன் 3 முதல் சுற்றில் மெக்டேனியல் சுமார் 1,400 ஓட்டு முன்னிலை. ஆனால் யாருக்கும் 50 சதவீதம் இல்லை. மூன்று வாரத்தில் மறுசுற்று. கட்சிக்குள் மட்டும் ஓட்டுத் தேடினால் காக்ரன் தோற்பது நிச்சயம் என்ற நிலை. அந்த மாநிலத்திலும் கட்சிப் பதிவு கிடையாது. முதல் சுற்றில் ஜனநாயகக் கட்சியின் பக்கம் ஓட்டுப் போட்டவர் மட்டும் வரக் கூடாது, மற்றவர் யாரும் வரலாம்.

காக்ரன் தரப்பு கறுப்பின மக்களிடம் போனது. பாதிரியார்களைப் பார்த்தார்கள், கறுப்பினப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மத்திய அரசின் பணத்தைக் கொண்டுவந்தவர் இவர், மெக்டேனியல் வந்தால் அது நின்றுபோகும் என்பதுதான் பேச்சு. மெக்டேனியல் வந்தால் ஒபாமாவுக்குத் தொல்லை என்ற தொலைபேசிப் பிரசாரமும் நடந்தது. குடியரசுக் கட்சிக்காரரை ஜெயிக்க வைக்க ஒபாமாவின் பெயர்!

ஜூன் 24 அன்று ஓட்டுப் போட்டவர் எண்ணிக்கை சுமார் 3,19,000லிருந்து 3,82,000 ஆக உயர்ந்தது. காக்ரன் 7,667 ஓட்டு வித்தியாசத்தில் தப்பினார்.

அந்த மக்கள் ஏமாந்துபோய் ஓட்டுப் போட்டார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது நன்றாகவே புரியும். நிற்கிற இரண்டு பேரும் நம் ஆள் இல்லை என்றால், நம் பேட்டைக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறவர் யார், நம்மை விரட்டாதவர் யார் என்றுதானே பார்க்கிறோம்? பாட்டனாரை உள்ளே விடாத தேர்தலில் பேரன் போய்க் கணக்குப் போட்டு ஓட்டுப் போட்டிருக்கிறான்.

மெக்டேனியல் தோல்வியை ஒப்பவில்லை. பொதுத்தேர்தலிலும் அந்த வேட்பாளரை ஆதரிக்கும் எண்ணம் உள்ளவரே முதனிலைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று மிசிசிப்பி சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. மனசுக்குள் இருக்கும் எண்ணத்தை எந்த அதிகாரி சோதிப்பது? காலம் கடந்து வந்த மனு என்று மாநில உச்ச நீதிமன்றம் அக்டோபரில் வழக்கை முடித்துவைத்தது. நவம்பரில் காக்ரன் சுலபமாக ஜெயித்தார்.

முந்தைய ஆண்டுதான், 2013 ஜூனில், உச்ச நீதிமன்றம் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பகுதியைச் செயலிழக்கச் செய்திருந்தது. ஓட்டுக்குக் கைம்மாறாக, அதை மீட்கும் மசோதாவை ஆதரியுங்கள் என்று மிசிசிப்பியின் கறுப்பினத் தலைவர்கள் காக்ரனைக் கேட்டார்கள். அந்த மசோதா நிறைவேறவில்லை. காக்ரன் உடல்நலக் குறைவால் 2018 ஏப்ரலில் பதவி விலகி, அடுத்த ஆண்டு காலமானார்.