கோட்டைக்குள் ஓர் அன்னை மரியா ஆலயம்



இராயபுரத்திலிருந்து துறைமுகத்தை ஒட்டித் தெற்கே சென்றால் புனித ஜார்ஜ் கோட்டையை அடைகிறோம். அதனுள் இருக்கும் புனித மரியா ஆலயம், இந்தியாவில் ஆங்கிலேயர் கட்டி இன்றும் நிற்கும் ஆலயங்களுள் மிகப் பழமையானது. 1678 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று பணி தொடங்கியதால் அன்னையின் பெயரைப் பெற்றது. ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முன்னின்று திரட்டிய நன்கொடையால் எழுந்து, 1680 அக்டோபர் 28 அன்று அர்ச்சிக்கப்பட்டது.

சுவர்கள் 4 அடி கனம். கூரையில் மரமில்லை, செங்கல்லால் வளைத்துக் கட்டி, 2 அடி கனத்தில் அமைத்தார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்பதே நோக்கம். 1758-59 பிரெஞ்சு முற்றுகையை அது தாங்கியது.

இதே கோட்டையில் நம் கத்தோலிக்க ஆலயமும் இருந்தது. 1642இல் வந்த கப்புச்சின் துறவி எஃப்ரேம் அடிகளார் இங்கே நற்செய்திப் பணியைத் தொடங்கினார். 1746இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய கோட்டை 1749இல் ஆங்கிலேயரிடம் திரும்பியது. எதிரிக்கு உதவினர் என்ற சந்தேகத்தால் கப்புச்சின் துறவியர் வெளியேற்றப்பட்டனர். அவர்களது புனித அந்திரேயா ஆலயமும் இடிக்கப்பட்டது.

ஒரே ஆண்டவரை வணங்கியவர்களே ஒருவரையொருவர் நம்பவில்லை. பீரங்கியைத் தாங்கிய சுவரைவிட அந்த அவநம்பிக்கையே கனமான சுவர்.

புனித மரியா ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தது. கிறிஸ்தவ ஒன்றிப்பை நாடுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் நம்மை அழைத்தது. அவ்வழியே செல்லும்போது உள்ளே சென்று பார்ப்போம். நிற்கும் ஆலயத்திற்காக நன்றி சொல்வோம், இல்லாமற்போன ஆலயத்தையும் நினைத்துச் செபிப்போம்.