கிராணி மேசையிலிருந்து எண்ணெய் நிறுவனம் வரை

கல்வியின் பயன் யாது என்னும் வினாவிற்குப் புலவர் பெருமக்கள் கண்ட விடை ஒன்று. பிழைப்பு நாடிக் கடல் கடந்த மக்கள் கண்ட விடை மற்றொன்று. வள்ளுவப் பெருந்தகை கல்விக்கும் கல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். மலாயாவிற் குடியேறிய தமிழரோ கல்வியை முதற்கண் தொழிலுக்குரிய வாயிலாகவே கண்டனர். அவ்வாயில் நூறாண்டுக் காலத்தில் பன்முறை இடம் மாறிற்று. புகைவண்டி அலுவலகத்தில் இருந்த வாயில், அரசாங்கப் பணிமனைக்கும், பின்னர்ப் பல்கலைக்கழகத்திற்கும், இறுதியில் எண்ணெய் நிறுவனங்கள் போன்ற பெருவணிக அமைப்புகளுக்கும் பெயர்ந்தது. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழரின் வரலாற்றில் இப்பெயர்ச்சியைத் தெளிவாகக் காணலாம்.

செங்கற்சூளையும் புகைவண்டியும்

1881ஆம் ஆண்டிற் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் பேரழிவுற்றது. அத்தாப்புக் கூரைகளும் மரச்சுவர்களும் நிறைந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்ட வேண்டுமென ஆங்கிலேய அதிகாரியான பிராங்க் சுவெட்டன்காம் முனைந்தார். அதற்கு வேண்டிய செங்கற்களைச் சுட்ட சூளைகள் அமைந்த நிலப்பரப்பே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அண்மையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890இல் ஆற்றின்மேற் பாலம் கட்டப்பெற்றுப் பாதை கிள்ளான் நகரைத் தொட்டது. 1901இல் சுவெட்டன்காம் துறைமுகம் திறக்கப்பெற்றது. 1972இல் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பாதை போட்ட கைகள் பெரும்பாலும் தமிழகத்துத் தொழிலாளரின் கைகள். அப்பாதையின் கணக்கை எழுதிய கைகளோ பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தமிழருடையவை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஆங்கிலக் கல்வியே. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் 1823இல் உயர்கல்வி நிலையம் ஒன்றை நிறுவினர். 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அந்நிலையத்திற் பயின்றவர்களே. பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழுக்குத் தொண்டு புரிந்த தாமோதரம்பிள்ளை, தம் வாழ்க்கைக்கு அரசாங்கக் கணக்குத் துறையையே நம்பியிருந்தார். பட்டம் பதவிக்கு, தமிழ் உள்ளத்திற்கு என்னும் ஏற்பாடு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

அக்கல்வி மரபில் வந்தோர் மலாயாவில் நிலைய அதிபர்களாகவும், நில அளவையாளராகவும், கிராணிமாராகவும் அமர்ந்தனர். பிரிக்பீல்ட்சிற் புகைவண்டி ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. 1904இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. கோவிலும் பள்ளியும் வாசகசாலையும் சூழ, மாதச் சம்பளம் பெறும் குடும்பங்களைக் கொண்ட ஒரு சிறு தமிழ் நகரம் உருவாயிற்று. அக்குடும்பங்களின் பிள்ளைகள் 1893இல் நிறுவப்பெற்ற விக்டோரியா கல்விக்கழகம் போன்ற ஆங்கிலப் பள்ளிகளிற் பயின்று, கேம்பிரிட்சுத் தேர்வு எழுதித் தந்தையரின் மேசைக்கே திரும்பினர்.

தோட்டத்து நிலை இதற்கு நேர்மாறானது. கங்காணி முறையில் வந்த மக்களின் பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டுமென்பதை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் தோன்றின, ஆயினும் அவற்றிற் பயின்ற பிள்ளை மேற்கொண்டு செல்வதற்கு வழி இல்லை. ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தார் ஒரே நாட்டில் இரு வேறு வாயில்களின்முன் நின்றனர். ஒரு வாயில் திறந்திருந்தது. மற்றொன்று பால்மரக் காட்டிற்குள்ளேயே முடிந்தது. இந்த இடைவெளியை மறந்து மலேசியத் தமிழரின் கல்வி வரலாற்றை எழுதுதல் இயலாது.

பட்டம் உள்நாட்டுக்கு வந்தமை

நெடுங்காலம் மலாயாவிற் பட்டக் கல்வி அரிய பொருளாகவே இருந்தது. 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும், 1928இல் மாணவரைச் சேர்த்த இராஃபிள்ஸ் கல்லூரியும் சிங்கப்பூரில் இருந்தன. அவ்விரண்டும் இணைந்து 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதன் கோலாலம்பூர்ப் பிரிவு 1962இல் தனிப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. அதன் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயக அடிகளார் முன்னின்று உழைக்க, 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது.

அந்நாளையப் பட்டதாரிகளுள் மிகப் பலர் ஆசிரியராகவும், மருத்துவராகவும், வழக்கறிஞராகவும், அரசாங்க அதிகாரியாகவும் ஆயினர். வணிக நிறுவனங்களை நாடியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஞானலிங்கம். மலாயாப் பல்கலைக்கழகப் பட்டதாரியான இவர், புகையிலை நிறுவனம் ஒன்றிற் சேர்ந்து விற்பனைத் துறையின் தலைமைப் பொறுப்புவரை உயர்ந்தார். அங்குப் பெற்ற வணிக அறிவைத் துணைக்கொண்டு, கிள்ளானுக்கு அப்பாலுள்ள இண்டா தீவில் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தை உருவாக்கினார். 2023இல் அவர் மறைந்தபோது அது நாட்டின் மிகப் பெரிய கொள்கலத் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழரின் வரலாறும், அதே கடற்கரையிற் புதுத் துறைமுகம் அமைத்த தமிழரின் வரலாறும் ஒரு நூற்றாண்டிற்குள் அடங்கிவிடுகின்றன.

எண்ணெய் வணிகத்தின் வளர்ச்சி

எண்ணெய் முதலில் விளக்கெரிக்கவே இப்பகுதிக்கு வந்தது. 1892இல் மார்க்கஸ் சாமுவேல் என்பாரின் முரெக்ஸ் என்னும் கப்பல் உருசிய நாட்டு மண்ணெண்ணெயை ஏற்றிக்கொண்டு சூயசுக் கால்வாயைக் கடந்து கீழ்த்திசை நோக்கி வந்தது. அவர் குடும்ப வணிகமே பின்னர் ஷெல் நிறுவனமாக வளர்ந்தது. 1910இல் சரவாக்கின் மிரி நகரில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. மோட்டார் வண்டிகள் பெருகவே, தகர டின்னில் விற்ற பொருள் சாலையோரக் குழாய்களுக்கு இடம்பெயர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் போர்ட் டிக்சனில் எஸ்ஸோ, ஷெல் ஆகிய நிறுவனங்களின் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன.

நாடு விடுதலை பெற்றபின்னரும் எண்ணெய் வணிகம் அயல்நாட்டார் கையிலேயே இருந்தது. 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிற் பெட்ரோனாஸ் என்னும் தேசிய நிறுவனம் தோன்றியது. நாட்டின் எண்ணெய் வளம் அதன் உரிமையாயிற்று. சட்டத்தால் உரிமை கிடைத்தது. ஆனால் எண்ணெய்த் தொழிலை அறிந்த ஆட்கள் சட்டத்தாற் கிடைப்பதில்லை. இதனை உணர்ந்த நிறுவனம் அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1975இல், மாணவருக்கு உபகாரச் சம்பளம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பயின்றவனைத் தேடி வேலைக்கு அமர்த்திய காலம் போய், வேலைக்குரியவனைத் தேர்ந்து பயிற்றுவிக்கும் காலம் வந்தது. 1997இற் பேராக்கில் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமைந்தது.

பெட்ரோனாசின் முதல் எண்ணெய் நிலையம் 1981இற் கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் திறக்கப்பட்டது. 1982இற் சில்லறை விற்பனைக்கெனப் பெட்ரோனாஸ் டகாங்கான் என்னும் துணை நிறுவனம் ஏற்பட்டு, 1994இற் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இன்று அது நாடெங்கும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட நிலையங்களைக் கொண்டுள்ளது.

பிரிக்பீல்ட்ஸ் தந்த பட்டதாரி

பெட்ரோனாசின் தொடக்கக்கால இயக்குநர்களுள் ஒருவர் ஆனந்த கிருஷ்ணன். 1938இற் பிரிக்பீல்ட்சில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த இவர், அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப் பள்ளியிலும் பின்னர் விக்டோரியா கல்விக்கழகத்திலும் பயின்றார். கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளம் பெற்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்று 1959இற் பட்டம் பெற்றார். 1964இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகப் பட்டமும் பெற்றார். எண்ணெய் வணிகத்திற் பொருளீட்டி, பின்னர்த் தொலைத்தொடர்பிலும் ஒளிபரப்பிலும் பெரு நிறுவனங்களை எழுப்பினார். 1999இற் திறக்கப்பெற்ற இரட்டைக் கோபுரங்களை உள்ளடக்கிய மாநகர மையத் திட்டத்திலும் அவர் பங்கு பெரிது. 2024 நவம்பரில் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றை ஒருவரின் செல்வப் பெருக்கமாக மட்டும் காண்பது போதாது. தமிழ்ப் பள்ளி, ஆங்கிலப் பள்ளி, உபகாரச் சம்பளம், அயல்நாட்டுப் பட்டம், வணிகக் கல்வி என ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த படிகளையும் காண வேண்டும். அப்படிகளுள் ஒன்று இல்லாதிருப்பின் மேற்படியை எட்டுதல் அரிதாகியிருக்கும். மாதச் சம்பளக் குடும்பங்கள் நிறைந்த பிரிக்பீல்ட்சில் இப்படிகள் அருகருகே இருந்தன. கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அவை இல்லை.

நிலையமும் அலுவலகமும்

1970க்குப் பின் தோட்டங்களும் மாறின. சிபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா நகராயிற்று. அதற்கு முன்னரே, 1950களில், எஃபிங்காம் தோட்டம் பெட்டாலிங் ஜெயா ஆகியிருந்தது. பால்மரம் நின்ற இடத்தில் வீடமைப்பும், நெடுஞ்சாலையும், சாலையோரத்தில் எண்ணெய் நிலையமும் எழுந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய இளைஞர் தொழிற்சாலைகளிலும், லாரிகளிலும், இத்தகைய நிலையங்களிலும் வேலை தேடினர். அதே காலத்தில் ஆங்கில வழிப் பள்ளிகள் 1970 முதல் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவது கடும் போட்டிக்குரியதாயிற்று. கேம்பிரிட்சுத் தேர்வு ஒன்றே போதுமெனக் கருதிய பழைய தலைமுறையின் வழிகாட்டுதல் புதிய தலைமுறைக்குப் பயன்படவில்லை.

எண்ணெய் நிலையத்தின் உள்ளமைப்பை மாணவர் அறிதல் நலம். நிலையத்தை அன்றாடம் நடத்துபவர் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். அவர் ஒப்பந்தம் பெற்ற முகவர். எண்ணெய் நிரப்பும் பணியாளரும் கடையிற் கல்லாவில் நிற்பவரும் அம்முகவரிடம் சம்பளம் பெறுவோர். நிறுவனத்தின் பட்டதாரி அலுவலரோ ஒரு வட்டாரத்திலுள்ள பல நிலையங்களை மேற்பார்வையிடுபவர். விற்பனைக் கணக்கு, பாதுகாப்பு, சரக்கு வரவு, முகவரின் இடர்ப்பாடு ஆகியவற்றை ஆராய்பவர். கல்லாவில் நிற்பவருக்கும் கணக்கை ஆராய வருபவருக்கும் இடையே சில அடித் தூரமே உண்டு. ஆயினும் அத்தூரத்தைக் கடக்க நிலையத்திற்குள் ஏணி இல்லை. அது பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் உள்ளது.

கடையின் வளர்ச்சிக்கும் காரணம் உண்டு. 1983இல் அரசாங்கம் கொண்டுவந்த விலை நிர்ணய முறை, எண்ணெயின் சில்லறை விலையோடு நிறுவனத்தின் ஆதாயத்தையும் முகவரின் கழிவுத் தொகையையும் வரையறுத்தது. லிட்டருக்கு இவ்வளவே எனக் கழிவு நிலைப்பட்டபின், வருவாயைப் பெருக்க விரும்பிய முகவர் ரொட்டியும் பானமும் நாளிதழும் விற்கலாயினர். பெட்ரோனாசின் கடைகள் மெஸ்ரா என்றும், ஷெல்லின் கடைகள் செலக்ட் என்றும் பெயர் கொண்டன. இதனால் எண்ணெய் நிறுவனத்திற்குப் பொறியியலாளர் மட்டுமன்றி, கணக்கியல், சந்தையியல், சரக்குப் போக்குவரத்து, சட்டம், கணினி ஆகியவற்றைக் கற்றவர்களும் தேவைப்பட்டனர். எண்ணெய் நிறுவனமென்றால் எந்திரக் கல்வி என்று எண்ணி ஒதுங்கிய மாணவர் பலர் இம்மாற்றத்தைக் கவனியாது போயினர்.

ஆசிரியரின் பொறுப்பு

பெருநிறுவனங்கள் பட்டதாரிகளைத் தேரும் முறை கிராணித் தேர்வைப் போன்றதன்று. விண்ணப்பம், திறனறி தேர்வு, குழுக் கலந்துரையாடல், நேர்முகம் எனப் பல கட்டங்களைக் கடக்க வேண்டியுள்ளது. தெரிவு பெற்றவர் பல பிரிவுகளிற் சுழன்று பயிற்சி பெறுகின்றார். இங்கு மதிப்பெண் வாயிலைக் காட்டும். உள்ளே செல்லத் துணிவாகவும் தெளிவாகவும் பேசும் ஆற்றல் வேண்டும். மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் அவ்வாற்றல் எதிர்பார்க்கப்படுகின்றது.

தமிழ்ப் பள்ளியில் மேடையேறிப் பேசிப் பழகிய மாணவன் இவ்வாற்றலின் வித்தை முன்னரே பெற்றுவிட்டான். சொற்போர், கவியரங்கு, திருக்குறட் போட்டி ஆகியன மொழிப்பற்றை வளர்ப்பதோடு, ஒரு கருத்தை ஒழுங்குபடுத்தி அவையில் வைக்கும் திறத்தையும் பயிற்றுகின்றன. அத்திறத்தைப் பிற மொழிகளிலும் காட்ட இடைநிலைப் பள்ளியில் மாணவனை ஊக்குதல் தமிழாசிரியரின் பணியாகும். தமிழ் கற்றதனால் வேலை கிடைக்காது என்னும் அச்சத்திற்கு வரலாறு சான்று பகரவில்லை. வேலைக்குரிய வாயில் எங்கே பெயர்ந்தது என அறியாதிருந்ததே இழப்பிற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

மற்றொரு கடமையும் உண்டு. உபகாரச் சம்பளங்களுக்கும் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்புகளுக்கும் விண்ணப்பிக்கும் காலம் குறுகியது. பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைக்கு அச்செய்தி வீட்டிலேயே கிடைக்கின்றது. லாரி ஓட்டுநரின் பிள்ளைக்கும், எண்ணெய் நிலையத்தில் இரவு வேலை பார்க்கும் தாயின் பிள்ளைக்கும் அதனைச் சொல்ல ஆசிரியரை விட்டால் வேறொருவர் இல்லை. பிரிக்பீல்ட்சுக் கிராணிமாரின் பிள்ளைகளுக்கு வீடும் ஊரும் தந்த வழிகாட்டுதலை, தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியே தர வேண்டியுள்ளது. இரு வாயில்களின்முன் நின்ற இரு கூட்டத்தாரின் பேரப்பிள்ளைகள் ஒரே நேர்முகத் தேர்வின் முன்னறையில் அருகருகே அமரும் நாள் அப்பணியின் விளைவாகவே வரும்.