மர ஆந்தை பிறந்த கதை

பெரியவர்களுக்கென்று விற்கும் ஆந்தை ஜிக்சா புதிர் ஒன்றைப் பெட்டியிலிருந்து மேசையில் கொட்டியதும் கை முதலில் தேடுவது மூலைத்துண்டை. அது இருக்காது. நேரான ஓரமும் இருக்காது. ஆந்தையின் உருவமே புதிரின் வெளிக்கோடு: இரண்டு காதுக்கொம்புகள், விரிந்த இறக்கை, கிளையைப் பற்றிய நகங்கள். துண்டுகளைக் கிளறினால் ஒன்று எலி வடிவத்தில் இருக்கும், ஒன்று பிறைநிலா, ஒன்று குட்டி ஆந்தை. துண்டின் விளிம்பு கருகிப் பழுப்பேறியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் லேசாகத் தீய்ந்த மரவாடை வரும். இந்த இயல்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கைகளில் உருவானவை.

தொடக்கம் லண்டன். ஜான் ஸ்பில்ஸ்பரி வரைபடச் செதுக்குக் கலைஞர். 1760களில் அவர் அச்சிட்ட வரைபடத்தை மகோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே மெல்லிய ரம்பத்தால் அறுத்து விற்றார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பூகோளம் படிக்க வாங்கிய பாடச்சாதனம் அது. கடலை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் தந்த மலிவுப் பதிப்பும் அவரிடம் கிடைத்தது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பலகைப் புதிர் பிள்ளைகளின் பொருளாகவே இருந்தது.

பெரியவர்கள் மேசைக்கு வந்தது 1908இல், அமெரிக்காவில். அவர்களை இழுத்தது படத்தின் அழகு என்று நான் நினைக்கவில்லை, வெட்டின் கடுமைதான். நிறம் மாறும் கோட்டிலேயே ரம்பத்தை ஓட்டினார்கள். கூரையின் பழுப்பு ஒரு துண்டோடு முடியும், வானத்தின் நீலம் அடுத்த துண்டில் தொடங்கும். இரண்டும் அண்டை வீடு என்று சொல்ல எந்தத் துண்டிலும் ஒரு பொட்டு நிறம்கூட மிச்சம் இருக்காது. துண்டுகள் ஒன்றையொன்று கவ்வவும் செய்யாது. ஒரு தும்மல் போதும், மாலை முழுக்கச் சேர்த்தது கலைந்துவிடும். பெட்டியின் மேல் படமும் கிடையாது, தலைப்பு மட்டும்தான். அதுவும் மழுப்பலாக இருந்துவிட்டால், சேர்ப்பது என்ன படம் என்பது கடைசிச் சில துண்டுகளில்தான் தெரியவரும்.

விலையும் பெரியவர்களுக்கானதே. 500 துண்டுப் புதிர் சுமார் 5 டாலர். ஒரு சராசரித் தொழிலாளியின் அன்றைய மாதச் சம்பளம் சுமார் 50 டாலர். ஆகவே அது பணக்காரர்களின் வாரக்கடைசி விருந்துகளில்தான் முதலில் பரவியது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரத்தில் இருந்த பார்க்கர் பிரதர்ஸ் விளையாட்டுப் பொருள் நிறுவனம் அந்த அலையில் இறங்கியது. 1909இல் மற்ற விளையாட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தொழிற்சாலை முழுவதையும் புதிர்களுக்கே திருப்பிவிட்டது. அங்கே ரம்பத்தில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கால் மிதிக்க, இரண்டு கையாலும் துணியைத் திருப்பித் தையல் மிஷினில் பழகியவர்களுக்கு, ஓடும் ரம்பத்தின் முன் பலகையைத் திருப்புவது எளிதில் பிடிபட்டது. ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கு அவர்கள் கிடைத்தார்கள் என்பதும் காரணம். ஒரு நாளைக்கு ஒருவர் 1,400 துண்டுகள் வெட்டவேண்டும் என்பது கணக்கு. அதாவது நிமிடத்துக்கு இரண்டு மூன்று. இந்த வேகத்துக்கு நடுவே நாய், குடை, நட்சத்திரம், எழுத்து என்று உருவத்துண்டுகளும் வெட்டினார்கள். இன்றைய ஆந்தையின் வயிற்றுக்குள் எலி ஒளிந்திருப்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. புதிர் வரலாற்றில் தகுதிக்கேற்ற இடம் கிடைக்காதவர்கள் இந்தப் பெண்கள்தான் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது.

மூலையும் ஓரமும் காணாமல்போனதற்குப் பின்னால் வேறொரு கதை. 1932, பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலை கிடைக்காத ஃபிராங்க் வேர், ஜான் ஹென்ரிக்கஸ் என்ற இரண்டு நண்பர்கள் நியூயார்க்கில் சாப்பாட்டு மேசையில் வைத்துப் புதிர் வெட்டத் தொடங்கினார்கள். அவர்களின் ‘பார்’ நிறுவனம் ஓரத்தை ஏறுக்குமாறாக வளைத்தது; தலைப்பை வைத்துத் திசைதிருப்பியது; இவ்வளவு நேரத்துக்குள் முடியுங்கள் பார்க்கலாம் என்று பெட்டியிலேயே நேரம் குறித்துச் சீண்டியது. வாடிக்கையாளரின் பெயரையோ பிறந்தநாளையோ துண்டாக வெட்டிக் கொடுத்தது. ஒவ்வொரு புதிரிலும் ஒரு கடற்குதிரைத் துண்டு அவர்களின் முத்திரையாக இருந்தது. அதே சமயத்தில் அச்சால் அமுக்கி வெட்டிய அட்டைப் புதிர்கள் குவிந்தன. 1933 தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடி விற்றதாகக் கணக்கு உண்டு. அட்டையின் மலிவுக்கு முன்னால் மரம் ஒதுங்கியது. 1974இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய ஸ்டேவ் போன்ற சில பட்டறைகள்தான் கைவெட்டை விடாமல் பிடித்திருந்தன.

மரத்தை மறுபடி பரவலாக்கியது லேசர். இங்கிலாந்தில் 1994இல் வென்ட்வொர்த், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் 2005இல் லிபர்ட்டி என்ற நிறுவனங்கள் தொடங்கின. பழைய பார்க்கர் புதிர்களை மாதிரியாக வைத்துத்தான் லிபர்ட்டி கிளம்பியது. ரம்பம் அறுக்கும், லேசர் எரித்துக்கொண்டே போகும். விளிம்பின் பழுப்பும் தீய்ந்த வாடையும் அதனால் வந்தவை. எந்த இடத்தில் எலி, எந்த இடத்தில் பிறை, எந்த வளைவில் ஏமாற்று என்பதை இன்றும் ஒருவர் உட்கார்ந்து வரைகிறார். இயந்திரம் அந்தக் கோட்டின் மேல் ஓடுகிறது, அவ்வளவே.

ஏன் ஆந்தை? நம் ஊரில் ஆந்தை அலறினால் கெட்ட சகுனம் என்று முகம் சுளிப்போம். ஐரோப்பாவில் அது அறிவின் சின்னம். ஏதென்ஸ் நகரத்துப் பழைய வெள்ளிக்காசில் ஒரு பக்கம் அறிவின் தேவி அதீனா, மறுபக்கம் ஆந்தை. மூளைக்கு வேலை தரும் பொருளுக்கு அந்தப் பறவை பொருந்தியதில் வியப்பில்லை. ஆனால் எனக்குப் பெரிய காரணமாகப் படுவது அதன் இறகு. பழுப்பு, சாம்பல், கறுப்புக் கீற்றுகளால் மரப்பட்டையோடு கலந்து பகலில் கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கும் பறவை அது. எதிரியின் கண்ணை ஏய்க்கும் அதே கோலம் மேசையில் நம் கண்ணையும் ஏய்க்கிறது. நெஞ்சுத் துண்டும் இறக்கைத் துண்டும் ஒரே மாதிரி; நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வழிகாட்டுவது கண் மட்டும்: மஞ்சள் வளையம், நடுவில் கறுப்பு. அந்த வளையத்தின் விளிம்பிலேயே வெட்டியிருந்தால் அதுவும் கைவிடும். கண் தனியே கிடைக்கும், முகத்தில் எங்கே வைப்பது என்று தெரியாது. அப்படி வெட்டிய ஆந்தைதான் பழைய மரபை மதிக்கும் ஆந்தை. கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் பழுப்பை விட்டுவைத்து வெட்டுவது வாங்குபவரைக் குறைத்து மதிப்பிடுவது.

இன்றைய பெட்டிகளில் பெரும்பாலும் படம் அச்சிட்டே வருகிறது. ஒரு புதிர் வாங்கினால் அந்தப் பக்கத்தைத் தாளால் மூடிவிட்டு, 1909இல் சேர்த்தவர்களைப் போல வெறும் துண்டுகளோடு தொடங்குங்கள்.